தையல் மிஷினும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும்

வேங்கிக்கால் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருஷமாகக் கோப்பு தூக்குகிறேன். பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை உண்டு. கணக்கு, பொது அறிவு எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவேன். ஒரே மாதிரி ஸ்பெல்லிங் உள்ள இரண்டு இங்கிலீஷ் சொற்களைக் கொடுத்து, எதற்கு எது அர்த்தம் என்று கேட்கும் பகுதிதான் எனக்கு எமன். போன முறை அதைப் பார்த்ததும் பாதியிலேயே பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் உண்மையைச் சொன்னேன். மனைவி சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த முறை அவளே என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. ஹூக் கட்டிக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். தளர்வாக இருப்பதற்கும் லூஸ், தொலைப்பதற்கும் லூஸ். எதற்கு இரண்டு ஓ, எதற்கு ஒன்று என்று நான் விழித்தேன்.

“ரெண்டு ஓ இருந்தா துணி ஜாஸ்தி, தொளதொளன்னு நிக்கும். ஒண்ணு கம்மியானா, அது தொலைஞ்சுபோச்சு. இதுல என்னாங்க கஷ்டம்?”

அடுத்தது டெசர்ட்: பாலைவனத்துக்கு ஒரு எஸ், சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டு எஸ். இதை என் தொப்பையை வைத்து அவள் விளக்கியதை இங்கே எழுதமாட்டேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசில் ஒட்டிக்கொண்டது.

பரீட்சையில் அந்தப் பகுதி வந்ததும் பேனாவை மூடிவைத்தேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்து போனார். என் காலும் பரபரத்தது. அப்போது பார்த்து தொளதொள ஜாக்கெட் நினைவுக்கு வர, சிரிப்பு வந்துவிட்டது. கடைசி மணி அடிக்கும்வரை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு காலையில், “கெளம்புங்க, மலை சுத்தணும். வேண்டுதல்” என்றாள். கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தோம். செங்கம் ரோட்டில் டீ குடிக்க நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“ரிசல்ட்டே வரலையே, அதுக்குள்ள எதுக்கு வேண்டுதலை முடிக்கிற?”

“நீங்க பாதியில எழுந்து வராம, முழுசா உக்காந்து எழுதணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அது நடந்துடுச்சு இல்ல?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “அப்போ பாஸ் ஆவறதுக்கு?” என்று கேட்டேன்.

“அது உங்க வேலை. அதுக்கு எதுக்கு சாமியைத் தொந்தரவு பண்ணணும்? நடங்க, வெயில் ஏறுது.”