எஞ்சின் நம்பருக்குச் சுட்டி பாத்த கதை

கணக்கு ரியூசன் எடுக்கிறவன் பிழையான விடைக்குத்தான் பயப்படுவான் எண்டு மற்றச் சனம் நினைக்கும். என்னைப்போல கரும்பலகையோட காலம் தள்ளுற உங்களுக்குத் தெரியும், சரியான விடை அதைவிடப் பயங்கரம்.

வசந்தியக்கா வந்தா

அன்புவழிபுரத்தில ஏழாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு இலக்கச் சுட்டி படிப்பிச்சனான். ஒரு பெரிய எண்ணின்ர இலக்கங்களை, ஒரே ஒரு இலக்கம் மிஞ்சுமட்டும் கூட்டிக்கொண்டே போறது. மிஞ்சினது மூண்டு, ஆறு, ஒன்பது எண்டால் அந்த எண் மூண்டால பிரிபடும். அவ்வளவுதான் சங்கதி.

அடுத்த நாள் ஒரு பிள்ளையின்ர தாய், சல்லிக் கடற்கரையில இருக்கிற வசந்தியக்கா, புருசன் தன்ர மீன்பிடி போட்டுக்கு வாங்கின புது எஞ்சினின்ர நம்பரோட வந்து நிண்டா: 7306145. நானும் உசாராக் கூட்டினன். இருபத்தாறு, இரண்டும் ஆறும் எட்டு. மனிசியின்ர முகம் செத்துப்போச்சு. சனீஸ்வரன்ர எண்ணாம். அக்கா, இது ஒற்றை எண், அஞ்சால பிரிபடும், மூண்டால பிரிபடாது, வேற ஒண்டுமில்லை எண்டன். அவ கேட்டது இதுதான்: "அப்ப எட்டெண்டது உண்மைதானே சேர்?"

அஞ்சை ஆறாக்கினால்

பின்னேரம் புருசன் ராசண்ணை வந்தார். எட்டைக் கேட்டதில இருந்து ஆளுக்குக் கடலுக்குப் போகப் பயம். கையில உளி. எஞ்சினில பொறிச்சிருக்கிற கடைசி அஞ்சை ஆறாக்கப் போறாராம்; ஆக்கினால் கூட்டுத்தொகை இருபத்தேழு, சுட்டி ராசியான ஒன்பது, எண்ணும் ஒன்பதால மிச்சமில்லாமல் பிரிபடும். நான் படிப்பிச்ச முறைதான், அச்சொட்டாச் சரி. கடலில சோதனைக்கு மறிச்சால், நம்பர் வெட்டின எஞ்சின் களவெஞ்சின். கணக்குச் சொல்லிக் குடுத்த நானும் உள்ளுக்க. பயத்தில வாயில வந்ததைச் சொன்னன், போட்டின்ர நம்பரையும் சேர்த்துக் கூட்டுங்கோ எண்டு. அதின்ர சுட்டி ஒண்டு. எட்டும் ஒண்டும் ஒன்பது. ஆள் உளியைச் சாரத்தில செருகிக்கொண்டு எழும்பினார். "சேரே சொல்லிப்போட்டார், இனி என்ன பயம், விடியப் போறன்."

கரையில

பத்து மணிக்கு வரவேண்டிய போட் மத்தியானமாகியும் வரேல்லை. மேற்கால அடிக்கிற கச்சான் காத்து எல்லாத்தையும் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு, சனிக்கிழமை வகுப்பை இடையில விட்டிட்டுச் சல்லிக் கரைக்கு ஓடினன். எட்டை நான் நம்பிறதில்லை. ஆனா ஒன்பதைச் சொல்லி அந்த மனுசனை அனுப்பினவன் நான்தானே. வசந்தியக்கா அழேல்லை, ஏசேல்லை. பக்கத்தில வந்து நிண்டு கடலைப் பாத்தபடி கேட்டா: "சேர், திருப்பி ஒருக்காக் கூட்டிப் பாருங்கோவன்."

இழுத்துக்கொண்டு வந்த போட்

மூண்டு மணிபோல பக்கத்துக் கிண்ணியா ஊர்ப் போட் ஒண்டு ராசண்ணையின்ர போட்டைக் கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நடுக்கடலில எஞ்சின் நிண்டுபோச்சாம். அக்கா அப்பிடியே மணலில இருந்திட்டா. எனக்கும் அழுகை வந்தது, மறைக்க ஏலாமல் போச்சு. ராசண்ணை ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சிட்டு, கிண்ணியாப் போட்டில எழுதிக் கிடந்த நம்பரைக் காட்டினார். வாற வழியெல்லாம் அதைத்தான் கூட்டிக்கொண்டு வந்தவராம். எட்டு. "என்ர எட்டை நீங்கள் ஒன்பதாக்கினியள், எஞ்சின் நிண்டுது, காப்பாத்த வந்தது எட்டு, சேர்."

இப்ப ஆர் எந்தப் பெரிய நம்பரைக் கொண்டு வந்தாலும் ஒற்றையோ இரட்டையோ எண்டு மட்டும்தான் சொல்லுறனான், அதையும் காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்திட்டுத்தான்.