இணைச்சீருக்கு முன்னால் வந்த கண்கட்டி

அண்ணன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தபோது என் வலது மேலிமையில் கண்கட்டி கிளம்பியது. முதலில் வெறும் அரிப்புதான். மறுநாள் கடுகளவு தடித்தது. அப்புறம் கண்ணைச் சிமிட்டினாலே உயிர் போனது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒரு மரியாதை உண்டு. பட்டும் நகையுமாக அவளை அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சபை நடுவே சீர் செய்வார்கள். உடன்பிறந்தவள் எத்தனை பேர் இருந்தாலும் உட்காருவது ஒருத்திதான். எங்களுக்கோ ஒரே அண்ணன். நானும் என் தங்கையும் இரண்டு பேர். மூத்தவள் என்பதால் இடம் எனக்கு.

தங்கையை எனக்குப் பிடிக்காது என்றில்லை. அண்ணனுக்கு அவளைப் பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்காது. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவளைப் பார்க்க லீவு நாளெல்லாம் பெருந்துறையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்ட எனக்குப் பொங்கலுக்குப் பொங்கல் எட்டிப் பார்த்தால் பெரிய விஷயம். இந்த ஒரு நாளாவது அவர் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது.

ஆகவே கட்டியை மறைக்கக் கண் நிறைய மை தீட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் வளைய வந்தேன். அது இன்னும் வீங்கியது. சித்திதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"பாக்கக் கூடாதது எதையோ பாத்துப்போட்டயா அம்மணி?" என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "ஒடம்புச் சூடு. வீடியோக்காரன் லைட்டப் போட்டா இந்தக் கண்ணு தாங்குமா? சின்னவளே உக்காரட்டும், உடு கண்ணு" என்றாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அவள் முகம் மலர்ந்ததை என் ஒற்றைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் என் சீர்ப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நாமக்கட்டியை உரசிப் பற்றுப் போட்டேன். அது காய்ந்து இமையை இழுத்ததுதான் மிச்சம். ஜாக்கெட் வாங்க நானும் தங்கையும் கோயமுத்தூர் போனபோது ஒரு கண் டாக்டரம்மாவிடம் காட்டினோம்.

"பயப்படாதீங்க. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்குற சின்னச் சின்ன துவாரம் இருக்குதுங்க. அதுல ஒண்ணு அடைச்சு, கிருமி சேந்து சீழ் புடிச்சிருக்குது. சுத்தமான துணிய வெந்நீர்ல நனைச்சு, பொறுக்குற சூட்டுல ஒத்தடம் குடுங்க. பிதுக்கிப்போடாதீங்க. முக்கியமா அந்த மைய உடுங்க" என்றார்.

"கல்யாணத்துக்குள்ள வத்திருங்களா?" என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் தங்கை கேட்டாள். அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா?

மையைக் கழுவினேன். காலையும் மதியமும் ராத்திரியும் ஒத்தடம்தான். "வெந்நி கொண்டாரட்டுங்களா அக்கா?" என்று சொம்போடு அவள் வந்து நிற்பாள். கட்டி எவ்வளவு வற்றியிருக்கிறது என்று வேவு பார்க்க வருகிறாள் என்றே நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டி தானாக உடைந்து சீழ் வடிந்தது. வீக்கம் பாதி இறங்கியது, சிவப்பு மட்டும் நின்றது. "நான்தான் உக்காருவேன்" என்று அம்மாவிடம் ஒரே பிடியாக நின்றேன். தங்கை புடவையை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

உட்கார்ந்தேன். வீடியோ லைட் வெளிச்சத்தில் கண் கூசியது, நீர் கோத்தது. நான் அசையவில்லை. சீர் நடந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் என் பக்கமாகச் சாய்ந்தார். என் கண்ணைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று முகத்தைத் திருப்பி இமையைக் காட்டினேன்.

"சின்னவளக் காணமே அம்மணி. அவ சாப்பிட்டாளா?" என்றார்.