ஊதாத சங்கு

காலை பத்து மணி முப்பத்தொரு நிமிடம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கணினியின் பதிவைப் பிறகு பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கணினி என் பொறுப்பு. நிலக்கரி அரைக்கும் மில்லில் சூடு ஏறினால், கணினி கட்டுப்பாட்டு அறையின் கன்சோலில், அதாவது தாளில் அச்சடிக்கும் முனையத்தில், எச்சரிக்கையை அடிக்கும். அடிக்க முடியாவிட்டால் ஆலைச் சங்கை ஊதும்.

அந்த முனையம் எரிந்துபோனது. புதியது மெட்ராஸிலிருந்து வரவேண்டும். கன்சோல் இல்லாமல் கணினி கிளம்பாது. அதனால் கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்குள் முனையத்தோடு பேசும் துணை நிரலாக ஒரு பொய் கன்சோல் டிரைவரைச் சேர்த்தேன். முனையம் இருப்பதாகக் காட்டிக்கொண்டு, வருகிற செய்தியையெல்லாம் கீழே போட்டுவிடும். முதலில் அது ‘எழுத முடியவில்லை’ என்றுதான் பதில் சொன்னது. சின்னச் செய்திக்கெல்லாம் சங்கு ஊதியது.

“சார், இது கல்யாண வூடா சாவு வூடான்னு ஊரே கேக்குது,” என்றார் மில்லை இயக்கும் ஆபரேட்டர். “நீங்க நிறுத்துறீங்களா, நான் ஒயர அத்துவுடவா?”

“அத்துடாதீங்கய்யா. நானே பாத்துக்கறேன்.”

ஒரு வரியை மாற்றினேன். எது வந்தாலும் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும்படி செய்தேன். சங்கு அடங்கியது. கோளாறு சரியாகிவிட்டது என்று நினைத்து ஆபரேட்டர் எனக்கு டீ வாங்கித் தந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. மில்லின் சூட்டைக் காட்டும் மீட்டரைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஷிப்ட் புத்தகத்தில் எழுத நினைத்தேன். எழுதவில்லை.

என் மகள் அதே ஆலையில் லேப் வேலை. பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். மூன்றாம் நாள் காலை, சோதனைக்குக் கரியில் மாதிரி எடுக்க ஆபரேட்டரோடு மில்லுக்குக் கிளம்பினாள்.

“தொப்பி போட்டுக்க.”

“போட்டுதான்ப்பா இருக்கேன். ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துவுடுற மாதிரி பண்ணாதீங்க.”

அறையில் நான் மட்டும் இருந்தேன். மீட்டர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சங்கு ஊதவில்லையென்றால் எல்லாம் சரி என்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அதை ஊமையாக்கிய எனக்கும்தான்.

பத்து நாற்பதுக்குத் தரை அதிர்ந்தது. ஓடினேன். மில்லைச் சுற்றிக் கரும்புகை. காவலர்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே நின்றேன்.

பிறகு பார்த்த பதிவில், பத்து முப்பத்தொன்றிலிருந்து ஒன்பது எச்சரிக்கைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எழுதியாயிற்று’.

கடைசியில் புகைக்குள்ளிருந்து அவள் வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. மாதிரிப் பை இன்னும் கையில் இருந்தது.

“அந்த ஆபரேட்டர் அண்ணன்தாம்பா என்னைய வெளிய தள்ளிவுட்டாரு. அவரு வரல.” என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “சூடு ஏறுனா சங்கு ஊதும், எறங்கிடலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாரு. ஏம்ப்பா ஊதல?”