மிச்சமென்று நான் நினைத்த குளிசைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மகள் ஆரணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கரண்டி கோப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே பனி. குளிராக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். பிறகுதான் அவள் நெற்றியைத் தொட்டேன்; கொதித்தது.

அவளும் நானும் டொமினிக்கன் குடியரசுக்குப் போய்வந்து இரண்டு கிழமை (வாரம்) ஆகியிருந்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. புறப்படுமுன் பயண முகவர் ஒரு தாள் தந்திருந்தார். முன்பக்கம் விசா விதிகள். அகதிப் பயணப் பத்திரத்தோடு எத்தனையோ விமான நிலையங்களில் மறிக்கப்பட்டவன் நான், அதை மனப்பாடமாக்கினேன். பின்பக்கம் குலைப்பன் காய்ச்சல் (மலேரியா) பற்றியது. கிழமைக்கு ஒருமுறை தடுப்புக் குளிசை (மாத்திரை), திரும்பி வந்த பின்னும் நான்கு கிழமைக்கு. தடுப்பூசி போட்ட தாதி அந்த வரியின் கீழே பேனையால் கோடு போட்டுத் தந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒஸ்லோப் பனியில் ஏது நுளம்பு (கொசு) என்று, வந்த உடனேயே குளிசையை நிறுத்தினேன். இருவருடைய மிச்சத்தையும் ஒரு போத்தலில் போட்டு, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து, வன்னியில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன். அங்கே யுத்தம், மருந்துத் தட்டுப்பாடு. இங்கே எங்களவர் பலரின் வீட்டில், ஊருக்கு அனுப்ப மிச்ச மருந்தைச் சேர்க்கும் அப்படியொரு போத்தல் இருந்தது. கொடுத்துவிட்டு வரும்போது பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட பெருமை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி (இன்னொரு உயிருக்குள் புகுந்து வாழும் கிருமி) பெருகியிருந்தது. சிறுநீரகமும் பழுதாகலாம் என்றார்கள். குளிசையை முழுவதும் எடுத்தாயா என்று டொக்டர் அவளிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டார். பதினான்கு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு, தான் மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி வந்து, நடுங்கிக்கொண்டிருந்தவளை ஏசினாள். அப்போதும் திறக்கவில்லை.

மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அது இன்னும் குத்துகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி அவள் சூப் கேட்டாள். அன்றுதான் டொக்டரிடமும் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். மனைவி பல நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்தான்.

ஆரணியிடம், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்கள் அழுதிடுவியள் எண்டு பயந்தனான்," என்றாள். பிறகு, "வன்னி மாமிக்கு எண்டு கேட்டிருக்கலாம்தானே, அப்பா. நானே தந்திருப்பன்."

தாளின் பின்பக்கத்தையும் வாசியுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் வாசித்தவன்தான் நானும். என் பிள்ளையின் உடம்பு என்னுடையது என்று நினைத்துவிட்டேன். கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் பல்கலைக்கழகம் போகிறாள்; ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவாள். எனக்குக் கிழமை என்பது ஞாயிற்றிலிருந்து ஞாயிறு வரைதான். மத்தியானச் சாப்பாட்டில் என் கை தானாக அவள் பக்கம் போகும்; பாதி வழியில் நிறுத்தி, தொடட்டுமா என்று கேட்பேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு, "ஓம், அப்பா," என்று நெற்றியைக் குனிந்து தருவாள்.