அந்தம்மாவின் கிழக்குச் சுவர்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நானேதான். கோதாவரிப் பக்கம் வெந்நீர் ஊற்றுள்ள ஒரு ஊரில், பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீரை அழுத்தி இறக்கும்போது அடியிலுள்ள பாறை லேசாக நகர்ந்து கொடுக்கும். குட்டிக் குட்டியாக நில அதிர்வு வரும். ஹைதராபாத்தில், உப்பல் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அதைத் திரையில் கவனிப்பது என் வேலை. அளவு மீறினால் பம்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். ‘அதிர்வை உணர்ந்தால் கூப்பிடுங்கள்’ என்று ஊரில் பலகை வைத்த சமயம் அலுவலகத் தொலைபேசி செத்துக் கிடந்தது. என் கைபேசி எண்ணையே எழுதச் சொல்லிவிட்டேன்.

ஊரே கூப்பிடும் என்று பயந்தேன். ஒரே ஒரு அம்மாதான் கூப்பிட்டார். ஊருக்கும் சேர்த்துக் கூப்பிட்டார். கிணற்றுக்கு மிக அருகில் அவர் வீடு. கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த விரிசல் என்று அவரே ஒப்புக்கொள்வார். "இருந்துச்சு, விழல. இனிமே விழுந்தா உன் தலைலதான் விழும்" என்பார். ‘சார்’ என்று தொடங்கி ‘நீ’யில் முடிப்பார். எல்லாம் தெலுங்கில்தான், திட்டு எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது.

"சார், இப்ப ஆடுச்சு."

திரையில் கோடு தூங்கிக்கொண்டிருக்கும். "இல்லம்மா, எதுவும் ஆடல."

"சொம்பு மேல வெச்ச டம்ளர் விழுந்துச்சு. நான் பொய் சொல்றேனா?"

"பூனை தட்டியிருக்கும்."

"பூனை என் மடில படுத்திருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துவேன். பக்கத்து மேசைக்காரர், "நக்கோ பாஸ், வேணாம், பி.பி. ஏறும்" என்பார். குஷாய்குடாவில் என் வீட்டில் சாப்பிடும்போதும் அழைப்பு வரும். "எங்கம்மாகூட இத்தனை தடவ கூப்பிட மாட்டாங்க. அவங்களுக்கும் ரசம் வேணுமான்னு கேளுங்க" என்று மனைவி இடிப்பாள்.

ஒரு மத்தியானம் நிஜமாகவே ஆடியது. கோடு துள்ளித் திரையின் விளிம்பைத் தொட்டது. நிறுத்தச் சொன்னேன், பம்பை நிறுத்தினார்கள். பிறகு கைபேசியை எதிரே வைத்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன். டீ ஆறிப்போயிற்று, திட்டு வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வெட்கத்தை விட்டு நானே கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டதும் எடுத்தார்.

"அம்மா, நல்லாருக்கீங்களா? அடி எதுவும் படலியே?"

"எனக்கென்ன? பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன், உங்க உப்பலுக்குத்தான். பஸ் சத்தத்துல போன் கேக்கல. ஏன்?"

"அங்க ஆடிருச்சும்மா. கொஞ்சம் பெருசாவே."

"என் சுவரு?"

பாறை எவ்வளவு ஆழத்தில் நகர்ந்தது என்று என்னால் சொல்ல முடியும். மேலே ஒரு சுவர் நிற்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. கிணற்றடியில் இருந்த பம்பு ஆளை அந்தம்மா வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அந்த ஆள் வீடியோவில் காட்டினார்: விரிசல் அப்படியே இருந்தது, சுவரும் நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே அந்தம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் ஊர்ல இல்ல. அதுக்குள்ள ஆட விட்டுட்டியா?" என்று பிடித்துக்கொண்டார்.

குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.