எல்லாம் எழுதினேன், மீனைத் தவிர

என் கணவருக்குச் சென்னையில் வேலை. குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாமா என்று கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பேசினோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர், கொசு என்று நல்லதும் கெட்டதுமாக ஒரு நோட்டையே நிறைத்தேன். துபாயிலிருந்து என் அண்ணன் தினமும் போனில், "ஊர விட்டுப் போவாண்டாம் மக்கா" என்று புத்தி சொன்னார். அவர் ஊரை விட்டுப் போய் இருபது வருடமாகிறது!

ஒருவழியாக வீடும் பார்த்து, மகளின் டி.சி.யையும் வாங்கிவிட்டேன். சென்னையில் சாவி வாங்கப் போனபோதுதான் வீட்டுக்கார அம்மா கேட்டார்: "நீங்க சைவம்தானே?"

சாவியை வாங்காமலே எழுந்துவிட்டோம். மீன் வைக்காத அடுப்பு ஒன்று இருக்கும் என்பதே எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

வெளியே வந்ததும் கணவரிடம், "நீங்க கேக்கலியா?" என்றேன்.

"நீ கேட்டியா?" என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பி, டி.சி.யோடு தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். நல்லவேளை, மகளின் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. "மீனுக்காவா!" என்று சிரித்தபடி சேர்த்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வீட்டுத் தரகர் யார் பேசினாலும், எத்தனை அறை என்றுகூடக் கேட்பதில்லை. "மீன் வைக்கலாமா?" என்பதுதான் என் முதல் கேள்வி. போன வாரம் ஒருவர், தாராளமாக வைக்கலாம் என்றார். சந்தோஷமாக நோட்டைத் திறந்தேன். அதற்குள் விடுமுறையில் வந்திருந்த என் கணவர் போனைப் பிடுங்கி, "கருவாடு சுடலாமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தத் தரகர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.