வேறு லினக்ஸின் பொட்டலமும் ஆறாவது ஆளும்

மார்ச் 2: சோதிக்காமல் திரும்பிப் போனவர்கள் 9
மார்ச் 3: திரும்பிப் போனவர்கள் 7
மார்ச் 4: திரும்பிப் போனவர்கள் 11
மார்ச் 5: சோதிக்கப்பட்டவர்கள் 6
மார்ச் 6: மறுபடி அழைக்கப்பட்டவர்கள் 6
மார்ச் 20 வரை: வந்தவர்கள் 5

காது மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவளுக்கு வயது முப்பத்தெட்டு. பிரிண்டர் மக்கர் செய்தாலும் மின்விசிறி கிறீச்சிட்டாலும் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான். நான்கு வருடத்துக்கு முன், "லினக்ஸ் போட்டுடலாம் சார், நான் பாத்துக்கறேன்" என்று டாக்டரிடம் சொன்னவள் அவள். சொன்னபடி பன்னிரண்டு கணினிகளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செவித்திறன் சோதிக்கும் பழைய மிஷின் கண்ணை மூடி, புதியது வந்து இறங்கியபோதுதான் சிக்கல். கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸில் பல வகை உண்டு. மிஷினுக்கான மென்பொருளைக் கம்பெனி ஒரு வகைக்கு மட்டும் பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருந்தது. மருத்துவமனையில் ஓடியது வேறு வகை. பொட்டலத்தைத் திறக்கச் சொன்னால் கணினி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கம்பெனியைக் கேட்டாள். உங்கள் வகைக்குச் செய்யும் எண்ணம் இல்லை என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் மாலை டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இருபத்தேழு பேரைத் திருப்பி அனுப்பியாச்சு. நாளைக்கு ஓடலன்னா வெளியாளக் கூப்பிட்டு எல்லாக் கம்ப்யூட்டரையும் மாத்திடுவேன். அப்புறம் இங்க உனக்கு என்ன வேலைன்னு நீயே சொல்லு."

வீட்டில் சொன்னபோது லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர், "எங்க பொழப்பு பரவாயில்ல. எந்தக் கட்டடமா இருந்தாலும் லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை, ஒரு வகைப் பொட்டலத்தை இன்னொரு வகையாக மாற்றும் கருவியை ஓட்டினாள். வேலை முடிந்தபோது திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது: நிறுவும்போது ஓடவேண்டிய கட்டளைகளைச் சேர்க்கவில்லை. கண் அந்த வரியைப் படித்தது. கை அதற்குள் அடுத்த கட்டளையை அடித்துவிட்டது. மென்பொருள் திறந்தது. காதுபோனில் 'பீப்' கேட்டது. டாக்டருக்குப் பொறுமை இல்லை. உடனே ஆட்களை உள்ளே அனுப்பினார். மதியத்துக்குள் ஆறு பேர் முடிந்தது.

மிஷினில் காது சோதிக்கும் பரிசோதகருக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் முதல் ஆள் வருமுன் சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து தன் காதையே சோதித்துக்கொள்வார். அவருக்கு இடது காது மந்தம். அன்று காலை நடந்த அவசரத்தில் அது முடியவில்லை. சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்தார். வெளியே வந்தவர் முகம் சரியில்லை.

"தங்கச்சி, இங்க வா. ஒன்பது வருஷமா நாப்பது டெசிபல் சத்தம் வெச்சாதான் கேட்ட காது, இன்னைக்கு முப்பதுலயே கேக்குது."

"நல்லதுதானே அண்ணே?"

"நல்லதுதான். தலையில முடியும் முளைச்சிருக்கான்னு கண்ணாடியில பாத்தேன். முளைக்கல. அப்ப பொய் சொல்றது மிஷின்தான்."

அவள் கணினி முன் போய் உட்கார்ந்தாள். மூலப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். விட்டுப்போன கட்டளைகளில் ஒன்று, இந்தக் காதுபோனுக்கு எவ்வளவு சத்தம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் திருத்த அட்டவணையை அதன் இடத்தில் வைப்பது. அட்டவணை இல்லாததால், திரை சொன்னதைவிடப் பத்து டெசிபல் கூடுதலாகச் சத்தம் போயிருக்கிறது. ஆறு பேருக்கும் இருப்பதைவிட நன்றாகக் காது கேட்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று.

"டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார் பரிசோதகர்.

"வேணாம் அண்ணே. அந்த வரியப் படிச்சவ நான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆறு பேரையும் கொண்டுவந்து நிறுத்து. வெளியாளப் பத்தி அதுக்கப்புறம் பேசுவோம்."

அந்தக் கட்டளைகள் வேறு வகை லினக்ஸுக்கு எழுதியவை; அப்படியே ஓட்டினால் இடம் தெரியாமல் தடுமாறும். அவள் வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே செய்தாள். அடுத்த நாள் காலை பரிசோதகரின் இடது காது நாற்பதுக்குத் திரும்பியது.

"என் காது கெட்டதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற ஆள் நீ ஒருத்திதான்" என்றார் அவர்.

ஐந்து பேர் வந்தார்கள். அதில் இருவருக்குக் காதுக் கருவி தேவைப்பட்டது. ஆறாவது ஒரு தையல்காரம்மா. 'கருவி வேண்டாம்' என்ற சீட்டோடு அன்று மாலையே வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கொடுத்த போன் எண் வேலை செய்யவில்லை. பதிவட்டையில் மகளின் முகவரி மட்டும் இருந்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அந்த முகவரிக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று. மூன்றிலும் ஒரே விஷயம்: தவறு என்னுடையது, இங்கே வர முடியாவிட்டால் அங்கேயே மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதோறும் டாக்டர் கேட்பார். "ஆறாவது ஆள்?"

"இன்னும் இல்ல சார்."

கடைசியில் ஒரு நீல உறை வந்தது. 'இங்கேயே சோதித்தேன். கருவி வேண்டும் என்றார்கள், போட்டுக்கொண்டேன். நான் வேண்டுமென்றே காதில் வாங்குவதில்லை என்று மகள் இத்தனை நாள் கோபமாக இருந்தாள்; இப்போது பேசுகிறாள். என் தையல் மிஷின் இவ்வளவு கத்தும் என்று தெரியாது. எண்ணெய் விட்டிருக்கிறேன்.'

டாக்டர் இரண்டு முறை படித்தார். "பதிவட்டையோட சேத்து வைம்மா" என்றார். வெளியாளைப் பற்றி அதன்பின் அவர் பேசவேயில்லை. அவள் கடிதத்தை அட்டையோடு இணைத்து, ஓரத்தில் வந்த தேதியைக் குறித்தாள்: ஜூன் 11.